சுமி வாந்தி எடுத்த வளைவு

என் அருமை அக்காவுக்கு,
ஊரிலுள்ள செடிகளுக்கெல்லாம் நல்லவளே, எனக்கு மட்டும் ஓயாத தலைவலியே,

இந்தக் கடிதம் ஒரு வருஷம் தாமதம். உன் முதலாம் ஆண்டு நினைவுக்கே தமிழ்ச் சங்க மலரில் ஒரு பக்கம் ஒதுக்கிவைத்து, "அக்காவப் பத்தி நாலு வரி எழுதிக் குடும்மா" என்று கேட்டார்கள். மகள் ஆத்யாவுக்கு இருமல், என் வீட்டுக்காரர் சரவணனுக்குச் சாகண் ஃபாக்டரியில் ஷிப்ட் மாறிவிட்டது, எனக்கு ஆபீசில் ஆள் குறைவு என்று ஏதேதோ சொல்லி நழுவினேன். எழுத உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன், அவ்வளவுதான். இந்த வருஷம் அந்தப் பயம் போய்விட்டது. இந்த வருஷம் உன்னை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் எழுத முடிகிறது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. என் அக்கா கௌரி கல்லூரியில் தாவரவியல் நடத்தினாள். சனி ஞாயிறு வந்தால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புணேயைச் சுற்றியுள்ள மலைகளில் அலைவாள். பறித்துக்கொண்டு வந்த செடியைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டிக் காகிதத்தில் நூலால் தைத்து, ஹெர்பேரியத்தில் கொடுப்பாள். அங்கே அப்படிக் காய்ந்த செடிகள் இரும்பு பீரோ பீரோவாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு. எந்தச் செடி, யார் எடுத்தது, எப்போது, எந்த இடத்தில். "அந்தச் சீட்டு இருந்தாத்தான் அது ரெக்கார்டு. இல்லன்னா வெறும் சருகு" என்று என்னிடம் நூறு தடவை சொன்னவள் நீதான்.

அப்படிச் சொன்ன மகராசி எழுதிவைத்த சீட்டின் லட்சணத்தைத்தான் போன மாதம் பார்த்தேன்.

ஹெர்பேரியத்தைக் கவனித்துக்கொள்ளும் வைஷாலி மேடம் போன் செய்தார். நான் ஹடப்சர் ஆபீசில் இருந்தேன். குழந்தை காப்பகத்திலிருந்துதான் போன் என்று நினைத்து வெளியே ஓடிவந்து எடுத்தேன். (என் போன் அடித்தாலே ஆத்யா எங்கோ விழுந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றும். நீ இருக்கும்போது இதற்குக் கேலி செய்வாய். இப்போதும் அப்படியேதான் இருக்கிறேன்.) அவர் பேசுவது ஹிந்தி. நான் தமிழில் தருகிறேன்.

"உங்க அக்கா நோட்புக் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. தமிழ்ல இருக்கு. இங்க யாருக்கும் படிக்க வராது. ஒரே ஒரு வரி படிச்சுச் சொல்லிட்டுப் போங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷம்! அதை நம்பித்தான் சனிக்கிழமை போனேன்.

நாஃப்தலின் வாடையில் கண் எரிய உட்கார்ந்திருந்தேன். வைஷாலி மேடம் ஒரு தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். புல் மாதிரி மெல்லிய ஒரு கிளை, அதில் ஒரே ஒரு பூ. காய்ந்து பழுப்பாகிவிட்டது. ஆனாலும் கீழே குண்டாக, மேலே கழுத்து நீண்டு, நுனியில் கூடு கட்டின மாதிரி கூம்பியிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. லாந்தர் பூ. நீ வைத்த பெயர். அவர்கள் கந்தீல் பூ என்கிறார்கள். அதுவும் லாந்தர்தான்.

மூலையில் சீட்டு. எண் 212. உன் பெயர். இடம் என்று அச்சிட்டிருந்த வரியில் ஆங்கிலத்தில், 'குறிப்பேட்டில் காண்க'.

"நோட்புக்கப் பாத்து லேபிள் அப்புறமா டைப் பண்றேன்னு சொன்னாங்க" என்றார் வைஷாலி மேடம். "அப்புறம்..." அவர் முடிக்கவில்லை. அப்புறம் நீ இல்லை.

குறிப்பேட்டைத் திறந்தேன். உன் கோழிக்கிறுக்கல். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒன்றாகத்தானே எழுத்துக் கற்றுக்கொண்டோம், எனக்கு மட்டும் ஏன் அடி விழுந்தது? எண் 212 இருந்தது. இப்படி:

'லாந்தர் பூ. வெள்ளை, கழுத்தில் ஊதா. புல்லுக்குள்ளே. சுமி வாந்தி எடுத்த வளைவு, மேல் பக்கம். ஒரு கிளைதான் எடுத்தேன், கிழங்கைத் தொடவில்லை.'

இரண்டாவது தடவை படித்தேன். மூன்றாவது தடவையும் படித்தேன். வைஷாலி மேடம் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன போட்டிருக்கு?"

"ஒரு வளைவுன்னு போட்டிருக்கு."

"எந்த வளைவு?"

"அது... சின்ன வயசுல... ஒரு வளைவு."

"பேர் இருக்கா?"

"என் பேர்தான் இருக்கு, மேடம்."

என்ன அக்கா இது? நீ முனைவர் பட்டம் வாங்கியவள். உன் மாணவர்கள் சீட்டில் மாவட்டம் எழுத மறந்தால் தாளைத் திருப்பி வீசுகிறவள். உனக்கு அந்த மலைப்பாதையில் ஒரு கிலோமீட்டர் கல்கூடவா கண்ணில் படவில்லை? போனில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்ணைத் தட்டிக் குறித்துக்கொள்ள முடியாதா? உன் கிறுக்குத்தனம் எனக்குப் பழக்கம்தான், ஆனால் அரசாங்கக் காகிதத்தில் என் வாந்தியை அடையாளக் கல்லாக நட்டிருப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மூடிவைத்துவிட்டு வந்திருப்பேன். வைஷாலி மேடம் விடவில்லை. இந்தப் பூ இதுவரை ஒரே ஒரு மலையில்தான் இருப்பதாகப் பதிவு. உன் தாள் இரண்டாவது மலை. மலைப்பாதைகளில் எங்கெங்கே வண்டி நிறுத்துமிடமும் காட்சி முனையும் கட்டலாம் என்று ஒரு குழு பார்த்துக்கொண்டிருக்கிறது. அரிய செடிகள் இருக்கும் இடங்களின் பட்டியலை மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறார்கள்.

"இடம் தெரிஞ்சா லிஸ்ட்ல போகும். தெரியலைன்னா எங்ககிட்ட செடி இருக்கும், மலை இருக்காது" என்றார். பிறகு, "எந்த ரோடுன்னாவது தெரியுமா?"

அது மட்டும் தெரியும். சின்ன வயதில் நாம் போன மலைப்பாதை ஒன்றே ஒன்றுதான். பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ரோட்டில் இரண்டு இடத்தில் ஏற்கெனவே அளந்துவிட்டார்களாம்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மறுநாள் கட்கியில் அம்மா வீட்டுக்குப் போய் அப்பாவைப் பிடித்தேன். அந்த மலைப்பாதையில் நாம் போனபோது எனக்கு எட்டு வயது, உனக்குப் பன்னிரண்டு. ஃபாக்டரியில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு வேன் எடுத்து, கொங்கண் கடற்கரைக்கு ஒருநாள் போய்வந்தோம். எனக்கு நினைவிருப்பதெல்லாம் டீசல் வாடையும் அம்மாவின் புடவை முந்தானையும்தான்.

"அப்பா, அன்னிக்கு எந்த வளைவுல நான் வாந்தி எடுத்தேன்?"

"இன்னாம்மா கேள்வி இது. எந்த வளைவுல எடுக்கலன்னு கேளு, சொல்றேன்."

"அப்பா, வெளாட்டு இல்லப்பா. கௌரி நோட்டுல எழுதி வச்சிருக்கா."

அப்பா டிவியை அணைத்தார். விரல் விட்டு எண்ணினார். "மூணு தபா. ஒண்ணு, டீக்கட தாண்டின ஒடனே. ரெண்டாவது, செவுரு கட்டிகினு இருந்தாங்களே, அங்க. மூணாவது, நாயர் சட்ட மேல."

"நாயர் அங்கிள் சட்டை வளைவாப்பா?"

"நாயர் உக்காந்துகினு இருந்த வண்டி வளைவுலதான இருந்துச்சி?"

அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "விசர்ஜனம் முடிஞ்ச ஞாயித்துக்கெழம எல்லாரும் போய்ப் பாத்துட்டு வரலாம்மா, நீயும் வா" என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள்.

"அந்தப் பூவு எம் பொண்ண தின்னுட்ச்சி. அத்த நான் வந்து வேற பாக்கணுமா?"

அவள் சொன்னதில் என்ன தப்பு? உடம்பு கொதிக்கிறது, வா டாக்டரிடம் போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். "பூ இன்னும் நாலு நாளைக்குத்தாம்மா, முடிஞ்சதும் போறேன்" என்றாய். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலை ஏறினாய். டெங்கு. இறங்கி வந்த பிறகு உனக்கே ஐந்து நாள்தான் இருந்தது. அந்தப் பருவத்துக்குப் பூத்தவை உனக்கும் பிறகு இரண்டு வாரம் பூத்துக்கொண்டிருந்தன, தெரியுமா? வைஷாலி மேடம் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு அந்த இரும்பு பீரோக்களை எல்லாம் தள்ளிவிடலாம் போலிருந்தது.

கணபதி விசர்ஜனம் முடிந்த ஞாயிறு கிளம்பினோம். நான் எடுத்துக்கொண்டது: தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, கொசு க்ரீம், உப்புச் சர்க்கரைக் கரைசல், எலுமிச்சம்பழம் நாலு, ஆத்யாவுக்கு மூன்று செட் உடுப்பு, தலையணை உறை, பிளாஸ்டிக் பை பத்து.

"மலைக்குப் போறோமா, வீடு மாத்துறோமா?" என்றார் சரவணன்.

"எங்க குடும்பத்து வரலாறு உங்களுக்குத் தெரியாது. பேசாம ஓட்டுங்க."

ஆத்யாவுக்கு மூன்றரை வயது. அவள் சமர்த்தாக வந்தாள். நான்தான் ஒவ்வொரு வளைவுக்கும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கட்டத்தில் என் கையைத் தள்ளிவிட்டு, "அம்மா, பஸ் கரோ" என்றாள், போதும் விடு என்று.

அப்பா முன் சீட்டில் தளபதி மாதிரி உட்கார்ந்து கை காட்டினார். முதல் இடம், டீக்கடையைத் தாண்டிய வளைவு. டீக்கடை இப்போது மூன்று மாடி ஓட்டல். வளைவில் செல்ஃபி எடுக்க ஒரு பிளாஸ்டிக் இதயம் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் பக்கம் சிமென்ட் பூசிய சரிவு. இரண்டாவது இடத்தில் அன்று கட்டிக்கொண்டிருந்த சுவர் ஆள் உயரம் எழும்பி, மலையே தெரியவில்லை. மூன்றாவது, நாயர் அங்கிளின் சட்டை. அங்கே மட்டும் புல் இருந்தது. நானும் சரவணனும் மாறி மாறி ஏறினோம். ஒரு மணி நேரம். புல், மஞ்சள் பூ, ஊதாப் பூ, யாரோ வீசிய சிப்ஸ் பாக்கெட். லாந்தர் இல்லை. கீழே அப்பா ஆத்யாவுக்குக் குரங்கு காட்டிக்கொண்டிருந்தார். குரங்கு கடித்தால் எத்தனை ஊசி என்று நான் மேலே நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லா தேடினியா?" என்றார் அப்பா.

"நல்லா நெனச்சுப் பாத்தீங்களா நீங்க?"

"நான் இன்னா டைரியா எழுதி வச்சேன்? எழுதி வச்சவ ஒழுங்கா எழுதணும்."

"அதத்தாம்ப்பா நானும் சொல்றேன்!"

வாழ்க்கையில் முதல்முறையாக நானும் அப்பாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். இரண்டு பேரும் சேர்ந்து உன்னைத் திட்டினோம். ஒரு கணம், நீ பின் சீட்டில் இருந்துகொண்டு பதில் சொல்லப்போகிறாய் என்றுகூட இருந்தது.

மலையடிவாரத்தில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். எல்லாம் முடிந்தது, இடம் தெரியாத தாள்களோடு உன் 212ம் சேரட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். வண்டி ஏற ஆரம்பித்ததும் அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். சாப்பிட்டால் அவருக்குத் தூக்கம் வரும், உனக்குத் தெரியாததா? ஃபாக்டரியிலிருந்து வரும்போதே சைக்கிள் மேல் தூங்குகிறவர் என்று அம்மா சொல்லுவாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சரவணன், வண்டிய ஓரமா நிறுத்துங்க. அப்பா! அப்பா, எழுந்திருங்க. அன்னிக்குத் திரும்பி வரும்போது நான் வாந்தி எடுத்தேனா?"

"இல்லியே. வரும்போது நீ நல்லா தூங்கிகினு வந்த."

"நீங்க முழிச்சிருந்தீங்களா?"

அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கண்ண மூடிகினு இருந்தேன்" என்றார்.

அப்படியென்றால் அப்பாவுக்குத் தெரிந்தது போகும்போது நடந்த மூன்றுதான். வரும்போது நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதில் நான் மறந்துவிட்டேன், நீ செத்துவிட்டாய். நல்ல சாட்சிகள்.

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு உன் கை வந்தது. என் நெற்றியை அழுத்திப் பிடித்திருந்த கை. "சத்தம் போடாத, அப்பா எழுந்தா திட்டுவாரு." வண்டி நின்றிருந்தது. ஏன் நின்றது? எனக்காக இல்லை. டிரைவர் இறங்கிப் போய் எதையோ தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிவப்பாக ஒரு கல். செந்தூரம் பூசிய கல்.

"சாமிக் கல் இருக்கிற வளைவு" என்றேன் சரவணனிடம். "டிரைவருங்க நிறுத்திக் கும்பிடுற இடம்."

"காலையில இறங்கும்போது பாத்தேனே. டைல்ஸ் ஒட்டி, மணி கட்டி இருந்துதே. இன்னும் ரெண்டு திருப்பம்."

அங்கேயே இருந்தது, அக்கா. கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை மேலே போகிறது. ஏறினால் தட்டையான பாறைவெளி, இடையிடையே முழங்கால் உயரப் புல். அந்தப் புல்லின் குறுக்கே சுண்ணாம்புத் தூளால் வெள்ளைக் கோடு போட்டு, மூலைக்கு ஒரு முளை அடித்திருந்தார்கள். வண்டி நிறுத்துமிடம்.

நான் ஆத்யாவை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. பள்ளம், பாம்பு, குளவி, வழுக்குப் பாறை, எல்லாம் என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தன. அதனால் முதலில் பார்த்தது சரவணன்தான். "சுமி, இதுவா பாரு" என்றார், கிட்டே போகாமல் நின்றபடியே.

புல்லோடு புல்லாக, பச்சையும் வெள்ளையுமாக, கழுத்தில் ஒரு ஊதாக் கீற்றோடு. நான் காய்ந்த பழுப்பைத்தான் பார்த்திருந்தேன். நிஜத்தில் இவ்வளவு சின்னது என்று எதிர்பார்க்கவில்லை. என் சுண்டு விரல்தான் இருக்கும். இதற்கா? இதற்காகவா?

அப்பா மூச்சு வாங்க ஏறி வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். "இத்துனூண்டு கீது" என்றார்.

ஆத்யா என் இடுப்பிலிருந்தே குனிந்து, "அம்மா, மக்கி அந்தர் போச்சு!" என்று கத்தினாள். ஒரு சின்ன ஈ பூவுக்குள் போய்விட்டது. உள்ளே ரோமம் கீழ்நோக்கி இருக்கும், போன ஈ உடனே வர முடியாது, மறுநாள் ரோமம் வாடினதும் தானே வெளியே வரும் என்று நீ ஒருமுறை சொன்னதை அவளுக்குச் சொன்னேன்.

"அதோட அம்மா தேடுமே?"

இதற்கு உன்னிடம் பதில் இருந்ததா? "நாளைக்கு வந்துரும்" என்று மட்டும் சொன்னேன்.

ஏழு செடி. மூன்று கோட்டுக்கு உள்ளே, நாலு வெளியே. சரவணன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, போனில் இடத்தின் எண்களைக் குறித்தார். இரண்டு நிமிஷம் ஆயிற்று. கவனி, இரண்டே நிமிஷம்.

இறங்கும்போது இன்னொரு ஞாபகமும் வந்தது. நான் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்க, நீ குந்தி உட்கார்ந்து, "சுமி, இங்க பாரு, குட்டி லாந்தர்" என்கிறாய். நீ இந்தப் பூவை முதன்முதலில் பார்த்தது அன்றுதானா? அதனால்தான் அத்தனை வருஷம் கழித்துத் தேடிக்கொண்டு அங்கேயே போனாயா? இல்லை, மலையில் நின்றதும் நானே பின்னிக்கொண்ட கதையா இது? கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லை. இதுவும் உன் தப்புதான்.

கட்கியில் அப்பாவை இறக்கிவிடப் போனோம். அம்மா எங்களைப் பார்த்தும் எதையும் கேட்கவில்லை. ஆத்யாவுக்குக் கை கால் கழுவிவிட்டாள், சாதம் பிசைந்தாள். ஊட்டிக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தினி இருந்துச்சி?"

"ஏழும்மா."

"ம்" என்றாள். அடுத்த வாயை உருட்டினாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஹெர்பேரியத்துக்குப் போனேன். பழைய சீட்டை அழிக்கவோ திருத்தவோ கூடாதாம், அது அங்கே விதி. எழுதியவர் எழுதியது அப்படியே நிற்கும். பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்டி, இடத்தை எழுதி, சொன்னவர் யார் என்று போட வேண்டும். 'சேகரித்தவரின் தங்கை, நேரில் பார்த்தது' என்று என் பெயரைப் போட்டார்கள். பசை தடவி ஒட்டினது நான்தான். கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது.

பிறகு கணினியில் ஏற்ற வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும் பதிவு அது. அதில் ஒரு கட்டத்தின் பெயர், 'இடம், எழுதியவர் எழுதியபடியே'.

"தமிழ்லயே டைப் பண்ணுங்க. கீழ இங்கிலீஷ்ல அர்த்தம் போடுங்க" என்றார் வைஷாலி மேடம்.

"மேடம், வாந்தின்னே போடணுமா? உடம்பு சரியில்லாத வளைவுன்னு போடலாமே?"

"அவங்க அப்படி எழுதலையே. ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது."

போட்டேன். இரண்டு மொழியிலும். அடுத்த கட்டத்தில் சரவணன் குறித்துக்கொண்டு வந்த எண்களைப் போட்டேன். வைஷாலி மேடம் எட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். எண்கள் மறைந்துபோயின.

"என்ன மேடம், அழிச்சிட்டீங்க?"

"அழிக்கல. மறைச்சேன். கமிட்டிக்குப் போற லிஸ்ட்ல இருக்கும், வெளியில தெரியாது. இடம் தெரிஞ்சா கிழங்கத் தோண்டி விக்க ஆள் வந்துரும். அபூர்வச் செடின்னா இப்படித்தான் பண்ணுவோம்."

கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம். மறைக்க அவருக்கு ஒரு பொத்தான். ஆக, நாளைக்கு உலகத்தின் எந்த மூலையில் எந்தத் தாவரவியல் பேராசிரியர் திறந்து பார்த்தாலும், மகாராஷ்டிரத்தில் எங்கேயோ என்று தெரியும், அதற்கப்புறம் அவர் கண்ணில் படப்போகிற ஒரே தகவல் நான் வாந்தி எடுத்தேன் என்பதுதான். திருப்தியா உனக்கு?

வைஷாலி மேடம் வேறொன்று சொன்னார். நீ வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருப்பாயாம். நோட்டு யார் கையில் கிடைத்தாலும் இடம் தெரியக்கூடாது என்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வரவில்லை. காஸ் சிலிண்டர் பதிவு செய்த நாளையே காலண்டரில் 'பூனை குட்டி போட்ட அன்னிக்கு' என்று எழுதி வைத்தவள் நீ. யாரிடமிருந்து மறைத்தாய் அதை? சோம்பேறித்தனத்துக்கெல்லாம் பொன்னாடை போர்த்த நான் தயாரில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பூட்டுத்தான் என்றால், சாவியை என்னிடம் கொடுத்திருப்பதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

குழுவிலிருந்து பதில் வந்துவிட்டது. 'மேற்படி இடத்தில் வாகன நிறுத்துமிடம் தற்போதைக்குக் கைவிடப்படுகிறது, சாலையின் எதிர்ப்புறம் பரிசீலிக்கப்படும்.' தற்போதைக்கு என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. முளைகளைப் பிடுங்கிவிட்டார்களா என்று சரவணனைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். பிடுங்கிவிட்டார்களாம். சுண்ணாம்பு மழையில் கரைந்துவிட்டதாம்.

விஷயம் அதோடு முடியவில்லை. அந்தத் திங்கட்கிழமை நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வைஷாலி மேடம் இன்னொரு பீரோவைத் திறந்தார். உன் தாள்கள். நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் 'குறிப்பேட்டில் காண்க'. நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

பாணேரில் எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில், குக்கர் பக்கத்தில் அது இருக்கிறது. ஆத்யா தூங்கும்போது புரட்டுகிறேன். 'அம்மா பேசாமலே வந்த இறக்கம்.' 'ஸ்கூட்டி என்னைத் தள்ளிவிட்ட இடம், இரண்டாவது தடவை.' ஒன்றுக்கும் தலையும் இல்லை, வாலும் இல்லை. நேற்று எண் 219க்கு வந்தேன்.

'நீலம், தரையோடு. அப்பா அழுத பாலத்துக்குக் கீழே, ஈரப் பாறை.'

எந்தப் பாலம், அக்கா? அப்பா எப்போது அழுதார்? அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுகூட முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பாலத்தில் நீ மட்டும் கூட இருந்தாயா? நான் பிறந்திருந்தேனா? எதற்காக அழுதார், யாருக்காக? இதை நீ இத்தனை வருஷம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு செடியின் விலாசமாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாயே, இதை நான் போய் அவரிடம் எப்படிக் கேட்பேன்?

கேட்பேன். வருகிற ஞாயிறு கேட்பேன், சாப்பாட்டுக்கு முன்னால், அவர் தூங்குவதற்குள். சொல்லமாட்டேன் என்றால் அதற்கடுத்த ஞாயிறும் கேட்பேன். நாற்பத்திரண்டு தாளுக்கும் இடம் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வேன். கிலோமீட்டர் கல்லும் ஊர்ப் பெயருமாக, மனுஷர்கள் எழுதுகிற மாதிரி எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் உன்னை வாய் வலிக்கத் திட்டுவேன். கேட்டுக்கொண்டிரு.

உன் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள்,
உன் தங்கை
சுமி